சிறப்புத் தேவை உள்ள குழந்தையின் குடும்பத்துக்குத் துணை நிற்பது எப்படி? தமிழ்நாட்டுக்கான படிப்படியான வழிகாட்டி

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, அடங்காத வலிப்பு என ஏதோ ஒன்றோடு வளரும் குழந்தை நம் உறவிலோ தெருவிலோ இருக்கும். உதவ வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் வரிசை தெரியாமல் இறங்கிவிடுகிறார்கள். ஆதாரில் பெயரைத் திருத்தாமல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் போகிறார்கள், சான்றிதழ் வராமலே உதவித்தொகைக்கு மனு கொடுக்கிறார்கள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் குழந்தையை இடுப்பில் சுமந்து பஸ் ஏறுவது அம்மாதான்.

சித்தி, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், புதிதாக இறங்கும் தன்னார்வலர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பெற்றோரே படித்து நேராகவும் செய்யலாம்.

## தொடங்கும் முன்

பிளாஸ்டிக் உறைகள் கொண்ட ஃபைல் ஒன்று, நீளமான நோட்டு ஒன்று, குழந்தையின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். இவ்வளவுதான் செலவு.

பொருளைவிட முக்கியம், உங்களால் எவ்வளவு நேரம் தர முடியும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது. வாரத்தில் ஒரு அரை நாள் என்றால் அதையே சொல்லுங்கள். "எப்ப வேணா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு போனை எடுக்காமல் போவதைவிட, "சனிக்கிழமை மத்தியானம் நான் உங்க வீட்டுல இருப்பேன்" என்பது பல மடங்கு மேல். அந்த அம்மா அதை நம்பித் தன் வாரத்தைத் திட்டமிட முடியும்.

குழந்தையின் படத்தையோ ரிப்போர்ட்டையோ எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போட மாட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

## 1. வீட்டின் ஒரு நாளைக் கேளுங்கள்

"குழந்தைக்கு என்ன வியாதி?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் நூறு பேரிடம் பதில் சொல்லிக் களைத்திருப்பார்கள். "காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் எப்படிப் போகுதுக்கா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை சோறு ஊட்ட எவ்வளவு நேரம் ஆகிறது, குளிப்பாட்டும்போது யார் தூக்குகிறார்கள், இரவில் குழந்தை எத்தனை முறை எழுகிறது, அப்பா எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், பாட்டி கை கொடுக்கிறாரா இல்லை குத்திக்காட்டுகிறாரா என்பதெல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும். எங்கே சுமை அழுத்துகிறது என்று தெரியாமல் எதையும் தூக்க முடியாது.

கேட்ட பிறகு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து வாங்கி வருவது, மூத்த பிள்ளையை டியூஷனில் விடுவது, வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போவது, எதுவானாலும் சரி. எடுத்ததை முடிக்கும் வரை இன்னொன்றைத் தொடாதீர்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறுகள் எல்லாம் வாயால் வருபவை. "மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டே?", "சொந்தத்துல கட்டினதாலயோ என்னவோ", "எங்க ஊருல ஒரு பையன் ஒரு எண்ணெய் தேய்ச்சதுலயே நடந்துட்டான்". முதல் இரண்டும் பழி. மூன்றாவது செலவு வைக்கும். அந்த எண்ணெய்க்காக நகையை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. யாராவது குணமாக்குவதாக உறுதி கொடுத்தால், பணம் கட்டும் முன் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

## 2. ஃபைலைக் கட்டுங்கள்

பல வீடுகளில் ரிப்போர்ட்டுகள் துணிக்கடைப் பையில் மடங்கிக் கிடக்கும். புது மருத்துவர் ஒவ்வொருவரும் பையைக் கிளறிப் பார்க்க மாட்டார், "முதல்லேருந்து சொல்லுங்க" என்பார். பதற்றத்தில் அம்மா பாதியை விட்டுவிடுவார். சிகிச்சை, சான்றிதழ், பள்ளி எல்லாமே இந்த ஃபைலிலிருந்துதான் பிறக்கப் போகின்றன என்பதால் வேறு எதற்கும் முன் இதை முடியுங்கள்.

முதல் பக்கம் ஒரே பக்கச் சுருக்கம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, பிறந்தபோதைய எடை, எத்தனை மாதத்தில் பிறந்தது, பிறந்தவுடன் அழுததா, மஞ்சள் காமாலை இருந்ததா, எத்தனை நாள் இன்குபேட்டரில் இருந்தது. அடுத்து தலை நின்ற மாதம், உட்கார்ந்த மாதம், முதல் வலிப்பு வந்த மாதம். கடைசியாக இப்போது கொடுக்கும் மருந்துகள், அளவு, ஒவ்வாமை. மருந்தின் அளவை "ஒரு மூடி" என்று எழுதாதீர்கள். எத்தனை மில்லி, எத்தனை மில்லிகிராம் என்று பாட்டிலைப் பார்த்து எழுதுங்கள். ஒரே மருந்து வெவ்வேறு அடர்த்தியில் கடையில் கிடைக்கும், ஒரு மூடிக் கணக்கில் அளவு இரட்டிப்பாகிவிடலாம்.

அதன் பின் டிஸ்சார்ஜ் சம்மரிகளும் பரிசோதனை முடிவுகளும், பழையது கீழே புதியது மேலே என்று தேதி வரிசையில். ஸ்கேன் ஃபிலிமை மடிக்காமல் தனியாக வைத்து அதன் ரிப்போர்ட்டை மட்டும் ஃபைலில் சேருங்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து அம்மா, அப்பா இருவர் போனிலும் வையுங்கள். அசலை யாரிடமும் விட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

மூன்றாவது பகுதி அரசு ஆவணங்கள்: பிறப்புச் சான்று, குழந்தையின் ஆதார், பெற்றோர் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், வருமானச் சான்று. ஆட்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே இல்லாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். மருத்துவமனையும் வீடுமாக ஓடிய குடும்பத்துக்குப் பெயர் பதிய நேரம் எங்கே இருந்திருக்கும்? ஓராண்டுக்குள் என்றால் கட்டணமில்லை, அதன் பிறகும் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். அடுத்தது இனிஷியல். ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக. கணினிக்கு இவை மூன்றும் மூன்று பேர். எல்லா ஆவணத்தையும் தரையில் பரப்பி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றை முதலில் சரிசெய்து, அதைக் காட்டி ஆதாரைத் திருத்துங்கள். தலைகீழாகப் போனால் ஆதாரை இரண்டு முறை திருத்த வேண்டிவரும்.

5 வயதுக்குள் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். விரல்கள் இறுகியிருக்கும், கண்ணை நிலைநிறுத்த முடியாத குழந்தைகளுக்கு விதிவிலக்குப் பதிவு உண்டு. மையத்தில் "ரேகை விழல, போங்க" என்றால் விதிவிலக்கில் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

## 3. பயிற்சியைத் தொடங்குங்கள், நோயின் பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம்

"எம்.ஆர்.ஐ. எடுத்து என்னன்னு தெரியட்டும், அப்புறம் பிசியோதெரபி பார்த்துக்கலாம்" என்று சொல்லும் வீடுகள் ஏராளம். பெயர் தெரிய மாதங்கள் ஆகலாம், சில குழந்தைகளுக்குக் கடைசி வரை தெரியாமலும் போகலாம். மூளை வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில். காத்திருக்கும் மாதங்கள் திரும்பக் கிடைப்பவை அல்ல.

போக வேண்டிய முதல் இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இயங்கும். குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, உளவியல், செவித்திறன் சோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கட்டணமின்றி நடப்பது இதன் வசதி. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டு இருந்தால் உள்ளே போவது சுலபம். சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் உண்டு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் கிராமங்களுக்கே போய்ப் பயிற்சி தருகிறது.

எந்தக் குறைபாடாக இருந்தாலும் காதையும் கண்ணையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான்" என்பது ஆட்டிசமாகவும் இருக்கலாம், காது கேளாமையாகவும் இருக்கலாம். பிறவிக் காது கேளாமைக்கு உள்காதில் கேட்கும் கருவியைப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு, ஆனால் 6 வயதுக்குள் செய்ய வேண்டும். டவுன் சிண்ட்ரோம் குழந்தை என்றால் இதயத்துக்கு எக்கோ எடுத்தார்களா, தைராய்டு ஆண்டுதோறும் பார்க்கிறார்களா என்று ஃபைலில் தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

அடுத்தது வீட்டுப் பயிற்சி. தெரபிஸ்ட் பத்துப் பயிற்சி எழுதித் தருவார், வீட்டில் ஒன்றுகூட நடக்காது. சோம்பலால் அல்ல, அந்த அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க இடமே இல்லை. "இதுல ரொம்ப முக்கியமான ரெண்டு மட்டும் சொல்லுங்க, குளிப்பாட்டும்போதும் சாப்பாடு ஊட்டும்போதும் செய்யிற மாதிரி" என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். செய்து காட்டுவதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டிவிடும் பயிற்சியைத் துணி மாற்றும்போது செய்யலாம். தட்டில் எட்டாத தூரத்தில் இட்லித் துண்டு வைப்பதே கைக்குப் பயிற்சி.

ஊட்டும் முறையைத் தனியாகப் பாருங்கள். மூளை முடக்குவாதக் குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி ஊட்டுவது நம் வீடுகளில் சாதாரணம், ஆனால் ஆபத்து. சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கிச் சளியும் நிமோனியாவும் அடிக்கடி வருவதற்கு இது பெரிய காரணம். முதுகு நிமிர, தலை லேசாக முன்னால் சாய்ந்தபடி உட்கார வைக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி எளிது. ஊட்டும்போது இருமல், ஊட்டிய பின் கரகரத்த குரல், மாதாமாதம் நெஞ்சுச் சளி என்றிருந்தால் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

## 4. அவசரத் தாள் ஒன்று எழுதி ஒட்டுங்கள்

அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் ஏதாவது நடந்தால் பாட்டி என்ன செய்வார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பல அம்மாக்கள் வீட்டை விட்டு நகர்வதே இல்லை.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஃபிரிட்ஜிலோ கதவிலோ ஒட்டுங்கள். வலிப்பு வரும் குழந்தை என்றால்: மணி பார். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வை. கழுத்துப் பட்டனைத் தளர்த்து. வாயில் எதையும் வைக்காதே, தண்ணீர் கொடுக்காதே, கையில் சாவியோ இரும்போ திணிக்காதே, பிடித்து அழுத்தாதே. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ 108. மருத்துவர் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால், அது எங்கே இருக்கிறது, எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். ஸ்பிரேயின் காலாவதித் தேதியை நோட்டில் குறியுங்கள்.

வலிப்பு மருந்து தீரும் நாளையும் குறிக்க வேண்டும். "மருந்து தீர்ந்துருச்சு, திங்கக்கிழமை வாங்கிக்கலாம்" என்ற இரண்டு நாள் இடைவெளியே கடும் வலிப்பைக் கொண்டுவரப் போதும். எப்போதும் ஒரு வார மருந்து கையிருப்பில் இருக்கட்டும். மருந்து வாங்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால் இது உங்கள் பொறுப்பு.

## 5. சான்றிதழும் அடையாள அட்டையும்

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் மட்டுமல்ல, தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் ரத்தசோகை, தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. "எம்புள்ளை நல்லா நடக்குறான், ரத்தம் ஏத்துறதுதான், அவனுக்கெல்லாம் கிடைக்காது" என்று நினைக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்.

சான்றுக்கும் அட்டைக்கும் விண்ணப்பம் ஒன்றிய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில். வீட்டிலிருந்தும் செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். ஆதார், முகவரிச் சான்று, போட்டோ வேண்டும். விண்ணப்பித்த பின் மருத்துவச் சான்று தரும் மருத்துவமனைக்குக் குழந்தையோடு போக வேண்டும். எந்தக் கிழமை எந்தத் துறை மருத்துவர் பார்க்கிறார் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். எனவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் முன் நீங்கள் ஒருமுறை தனியாகப் போய்க் கேட்டு வாருங்கள். வெளியாள் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் இது ஒன்று. ஊரில் சிறப்பு முகாம் நடக்கிறதா என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு உளவியல் நிபுணரின் அறிவுத்திறன் சோதனை வேண்டும், அது முதல் நாளே முடிந்துவிடாது.

போகும் நாளில் குழந்தைக்குச் சோறு, மாற்றுத்துணி, பிடித்த பொம்மை, மருந்து. உறங்கும் நேரத்தில் சோதனை அமைந்தால் குழந்தை எதற்கும் ஒத்துழைக்காது. அப்போது வரும் குறைபாட்டுச் சதவீதமும் அவன் உண்மை நிலையாக இருக்காது. அம்மாக்கள் செய்யும் இன்னொன்று, மருத்துவர் முன் குழந்தையைப் பெருமையாகக் காட்ட நினைப்பது. "எல்லாம் செய்வான் சார்" என்பார்கள். வீட்டில் உதவியோடு செய்கிறானா, தானாகவே செய்கிறானா என்பதைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

40 சதவீதத்துக்குக் கீழே என்றால் அட்டை வெள்ளை, 40 முதல் 80-க்குக் கீழே வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 தான் வாசல். கிடைத்த சதவீதம் தவறு என்று தோன்றினால் சட்டத்தின் 59-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

சிறு குழந்தைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தற்காலிகச் சான்று. அதில் உள்ள முடிவுத் தேதியை நோட்டில் எழுதி, மூன்று மாதம் முன்பே நினைவூட்டும்படி போனில் வையுங்கள். தேதி தாண்டினால் உதவித்தொகையும் நிற்கும், பள்ளித் தேர்வுச் சலுகையும் நிற்கும்.

## 6. பண உதவி: எதற்கு அடுத்து எது

சான்று வந்த கையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். கேட்க வேண்டியது பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் போதும், கடும் உடல் பாதிப்பு என்றால் 75 சதவீதம் வேண்டும், தசைச்சிதைவு நோய்க்கும் உண்டு. வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது, ஆகவே கிராம நிர்வாக அலுவலர் வழியாக அதற்கு மனு போடும் முன் இதை விசாரியுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகை எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். காத்திருப்புப் பட்டியல் நீளும்போது, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த எண்ணைக் காட்டித்தான் கேட்க முடியும். பணம் வரத் தொடங்கிய பின் ஆண்டுக்கொரு முறை வாழ்நாள் சான்று கேட்பார்கள். திடீரென்று ஒரு மாதம் பணம் வரவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

வளரும் குழந்தைக்கு ஏற்ற நாற்காலி, காலைத் தாங்கும் காலிப்பர், காது கேட்கும் கருவி போன்றவற்றையும் இதே அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். அளவெடுக்காமல் கொடுக்கும் நாற்காலியை வாங்கி வராதீர்கள். பொருந்தாத நாற்காலியில் முதுகு வளையும்.

காப்பீட்டில் இரண்டு வேண்டும், இரண்டும் வெவ்வேறு வேலை செய்பவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. தெரபிக்கு அதில் வழியில்லை. அதற்கு நிராமயா. ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் இந்தத் திட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். ஆண்டுக்கு 1 லட்சம் வரை, மருத்துவப் பரிசோதனை இல்லாமல், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் சேர்த்து. வெளிநோயாளிச் செலவும் தெரபியும் இதில் அடங்கும், ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு உண்டு. பதிவு தேசிய அறக்கட்டளையில் பதிந்த தொண்டு நிறுவனங்கள் வழியாக. முதலில் நாம் செலவு செய்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெறுவதால், அசல் பில்லும் மருத்துவர் சீட்டும் முக்கியம். தெரபி சென்டரில் துண்டுச் சீட்டு தந்தால் வாங்காதீர்கள், தேதியும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ரசீது கேளுங்கள். பில்களை மாதாமாதம் அனுப்பிவிடுங்கள், ஆண்டுக் கடைசிக்குச் சேர்த்து வைத்தால் காலக்கெடு தாண்டும். நிதியாண்டு முடியும் முன் புதுப்பிக்க மறக்கும் வீடுகள்தான் அதிகம்.

மற்றவை சிறியவை, ஆனால் வேகமாகக் கிடைப்பவை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் குழந்தைக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. ரயிலில் துணையின்றிப் பயணிக்க முடியாத அறிவுசார் குறைபாட்டுக் குழந்தைக்கும் துணைக்கு வருபவருக்கும் சாதாரண ஸ்லீப்பரில் 75 சதவீதச் சலுகை உண்டு, ரயில்வேயின் தனிப் படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அப்பா வருமான வரி கட்டுபவர், பழைய முறையில் கணக்குக் காட்டுபவர் என்றால் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு.

## 7. பள்ளி

6 முதல் 18 வயது வரை, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. "எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் இல்ல" என்பது சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது. ஆனால் சட்டத்தை முதல் வாக்கியத்திலேயே எடுத்து நீட்டாதீர்கள். அந்த ஆசிரியையோடுதான் குழந்தை ஆண்டு முழுக்க இருக்கப் போகிறது.

ஒரு பக்கக் கடிதம் கொண்டு போங்கள். பசி, கழிப்பறை இரண்டையும் குழந்தை எப்படித் தெரிவிப்பான், எதற்குப் பயப்படுவான், எது பிடிக்கும், எந்த மருந்து எத்தனை மணிக்கு. அவசரத் தாளின் நகலையும் சேருங்கள். வலிப்பை மறைத்துச் சேர்க்கும் பெற்றோர் உண்டு, பயம் புரிகிறது. ஆனால் வகுப்பில் முதல்முறை வரும்போது ஆசிரியை மிரண்டுபோய், மறுநாள் "வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கங்க" என்பார். முன்பே சொல்லியிருந்தால் மணி பார்த்துப் பக்கவாட்டில் படுக்க வைத்திருப்பார்.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட் உண்டு. தலைமையாசிரியர் வழியாகக் குழந்தையின் பெயரை அங்கே பதியச் சொல்லுங்கள். கடும் பாதிப்பு உள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு, ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியது குடும்பம். பள்ளியின் வசதிக்காகத் தள்ளிவிடும் வழியாக அது மாறும்போது ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவை கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்று செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் ஓடுவது வீண்.

## 8. அம்மா, அக்கா, அடுத்த குழந்தை

குழந்தை வளர வளர எடை கூடும், அம்மாவின் முதுகு அப்படியே இருக்காது. குனிந்து தூக்காமல் முட்டியை மடக்கித் தூக்குவது, இருவர் சேர்ந்து கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது இவற்றைத் தெரபிஸ்டிடமே கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்களும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தூக்கத் தெரிந்தால்தான் "நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்ற வார்த்தைக்கு மதிப்பு.

முதல் நாளே அம்மாவை வெளியே அனுப்ப முயலாதீர்கள், போக மாட்டார். முதலில் அவர் அடுப்படியில் இருக்கும்போது நீங்கள் ஊட்டுங்கள். பிறகு பக்கத்துத் தெருக் கடைக்கு. பிறகு ஒரு கல்யாணத்துக்கு. கோயிலுக்கோ விசேஷத்துக்கோ குழந்தையையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். "அவனை வச்சுக்கிட்டு உங்களால வர முடியாதுன்னுதான் பத்திரிகை வைக்கல" என்பது அந்த வீடுகள் அடிக்கடி கேட்கும் வார்த்தை.

தூக்கமே வரவில்லை, அழுகை நிற்கவில்லை, "ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டா நல்லது" என்று அம்மா சொன்னால், அது சும்மா சொல்வது என்று விடாதீர்கள். அன்றைக்கே கூட இருங்கள், 104-ஐ அழையுங்கள், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் நீங்களே கூட்டிப் போங்கள்.

அக்காவோ தம்பியோ இருந்தால் அவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் முழுதாகக் கொடுங்கள். "நீதான் அவனைப் பாத்துக்கணும்" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள், மற்றவர் சொன்னாலும் தடுங்கள்.

அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைக்கும் தம்பதி, கர்ப்பம் தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும், அதிலும் அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால் கட்டாயம். முதல் குழந்தையின் காரணம் தெரிந்திருந்தால்தான் கர்ப்பத்தில் எதைச் சோதிப்பது என்று சொல்ல முடியும். ஐந்தாம் மாதத்தில் வந்து கேட்டால் நேரம் போதாது.

பெண் குழந்தை என்றால் ஒன்பது வயதிலேயே மாதவிடாய்க்குப் பழக்குங்கள். நாப்கினை ஜட்டியில் வைத்து மாற்றுவதைப் படம் வைத்து, பொம்மையில் காட்டி, தினமும் கொஞ்ச நேரம். யார் தொடலாம், யார் தொடக்கூடாது, குளிப்பாட்ட யார் என்பதையும் அதோடு சேர்த்து. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் வருவார்கள். மலடாக்கும் எந்தச் சிகிச்சையையும் அவளுடைய சுதந்திரமான சம்மதமின்றிச் செய்யக்கூடாது என்று 2016 சட்டத்தின் 10-வது பிரிவு சொல்கிறது. பழக்கினால் பெரும்பாலான பெண்கள் தானாகவோ சிறு உதவியோடோ சமாளிக்கிறார்கள்.

## 9. 18 வயதுக்கு முன்

18 முடிந்ததும் பெற்றோர் சட்டப்படி காப்பாளர் இல்லை. அதுவரை ஒழுங்காக நடந்த வங்கிக் கணக்கில் "பையன் கையெழுத்து வேணும்" என்பார்கள், அப்போதுதான் குடும்பத்துக்கு இது தெரியவரும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டக் காப்பாளரை நியமிக்கிறது. விண்ணப்பத்துக்கான ஆவணங்களை 17 வயதிலேயே ஃபைலில் சேருங்கள். உயில் எழுதுவதையும் வக்கீலிடம் பேசுங்கள், "அண்ணன் பாத்துப்பான்" என்று முழுச் சொத்தையும் அவன் பெயரில் எழுதுவது பாதுகாப்பு ஆகாது.

முதல் பக்கச் சுருக்கத்தோடு இன்னொரு தாளும் இப்போது சேர வேண்டும். அவனுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், எந்தச் சத்தத்துக்கு அலறுவான், பல் வலித்தால் எப்படிக் காட்டுவான், இரவில் எந்தப் போர்வை வேண்டும். அம்மாவுக்கு மட்டும் தெரிந்த இவற்றை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஆண்டுக்கொரு முறை திருத்துங்கள்.